நரிப்பள்ளத்து ஜாயிண்ட்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. நான் எப்படியும் எந்திரிச்சு எந்திரிச்சுப் போவேன், உங்களுக்குத்தான் தொந்தரவு. வயித்துல கோளாறு ஒண்ணும் இல்லீங்க. இந்தப் பலகை சரியில்ல. புதுசா வார்னிஷ் அடிச்சிருக்காங்க பாருங்க, உக்காந்தா வழுக்குது. அதான் உக்கார முடியல.

படம் புடிக்க வந்தீங்களா? எந்த ஊரு? சேலமா? நல்லதுங்க. ஆனா ஒண்ணு, நரிப்பள்ளம் வந்ததும் எல்லாரும் பாலத்தைத்தான் புடிப்பாங்க. நீங்க அப்படிப் பண்ணாதீங்க. பாலத்துல என்ன இருக்குது? காண்ட்ராக்ட்காரன் கட்டினது. பாலத்துக்கு மேல் பக்கம் ஒரு தண்டவாளம் வரும், அதைப் புடிங்க. அது நான் போட்டது. பேரு கேட்டா நாச்சிமுத்துன்னு சொல்லுங்க. வெள்ளிக்கொம்பு கேங் மேட். தண்டவாளம் போடற ஆளுங்களுக்குத் தலைவன்னு வச்சுக்குங்களேன். வர்ற மாசத்தோட ஓய்வு. இத்தனை வருசத்துல என் பேர்ல ஒரு கரும்புள்ளி கிடையாது. ஆபீஸ்ல யாரை வேணாலும் கேளுங்க.

டூட்டியில போகலீங்க. சாதாரணப் பிரயாணம்தான். புளியந்துறை வரைக்கும். அங்க ஒரு விசாரணை. எனக்கு ஒண்ணும் இல்ல, என்னை ஏன் விசாரிக்கறாங்க? வேற ஒருத்தருக்கு. நான் போயி ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான். சொல்லிட்டு வர வேண்டியதுதான். கொஞ்சம் தண்ணி இருக்குதா தம்பி? நாக்கு வறண்டு போச்சு. கரிப்புகை.

அந்தப் பெருமழை வந்துச்சே, டிவியில எல்லாம் காட்டினாங்களே, அப்ப மலை சரிஞ்சு நரிப்பள்ளத்துப் பாலத்தை அப்படியே வாரிக்கிட்டுப் போயிருச்சு. அன்னிக்கு இந்த ரயில் ரெண்டு துண்டாச்சு. மேல வெள்ளிக்கொம்புல ஒரு துண்டு, கீழ புளியந்துறையில ஒரு துண்டு, நடுவுல பள்ளம். மேல ஒரு நீராவி எஞ்சின் மாட்டிக்கிச்சு, கீழ ஒண்ணு. டூரிஸ்ட்டுங்க கீழ் ரயில்ல பாதி தூரம் வந்து, எறங்கி, ஜீப் புடிச்சு ரோட்டுல சுத்திக்கிட்டு மேல வந்து, எங்க ரயில்ல மீதி தூரம் போவாங்க. கொழந்தை குட்டியோட யாரு இந்தப் பாடு படுவாங்க? பாதிப் பேரு கீழயே பார்த்துட்டுத் திரும்பிருவாங்க. எங்க எஞ்சின் காலிப் பெட்டியத் தள்ளிக்கிட்டுப் போகும், தள்ளிக்கிட்டு வரும். பார்க்கவே வயிறு எரியும்.

கீழ்ப்பக்கம் கேங் மேட் யாருன்னா, அங்கமுத்துன்னு ஒரு ஆளு. வேற யாரும் இல்ல, என் தங்கச்சி மயிலாத்தாளைக் கட்டினவரு. மாப்ளைதான். நான்தான் பார்த்துக் கட்டி வச்சேன். என் கேங்ல என்கூடவே வேலை செஞ்ச ஆளு. வாயில்லாப் பூச்சி. ஒரு டீ குடிக்கறதுக்குள்ள நாம பத்து விசயம் பேசிடுவோம், அவரு டீயை ஆத்திக்கிட்டு இருப்பாரு. சரி, தங்கச்சியத் திட்ட மாட்டாருன்னு நெனைச்சுக் குடுத்தேன். திட்டவும் இல்ல, அது உண்மை.

லைன் அறுந்ததும் ஆபீஸ்ல அவரைக் கீழ போட்டாங்க, என்னை மேல. அதோட போச்சு. மயிலாத்தாளுக்குப் பஸ் ஆகாதுங்க. ஏறி ரெண்டு வளைவு திரும்பறதுக்குள்ள வாந்தி எடுத்து மயங்கிடுவா. சின்னப் புள்ளையில இருந்தே அப்படி. ரயில்தான் அவளுக்கு. பொங்கலுக்கு வருவா, நோம்பிக்கு வருவா, சும்மா தோணினாலும் ஏறி உக்காந்து வந்துருவா. லைன் அறுந்ததுல இருந்து அவ மேல வரல. என் சம்சாரம் தவறிப் போனப்பகூட வர முடியல. வந்தா பாருங்க, வரலேன்னு சொல்லக் கூடாது. கார் வச்சுக் கூட்டியாந்தாரு அந்த ஆளு. பாதி வழியில நெனைவு தப்பி, அப்படியே திருப்பி ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிட்டாங்க. நானா? நான் கீழ போலாம்தான். பஸ் எனக்கு ஒண்ணும் பண்ணாது. வேலை. மேல யாரு பார்க்கறது? ஒரு நாள் நான் இல்லேன்னா எவன் எந்த நட்டை முடுக்குவான், எவன் முடுக்க மாட்டான்னு இருக்கும்.

சரி, வேலை மட்டும்னு சொல்ல முடியாது. ஒரு கோபம் இருந்துச்சு. இப்பவும் இருக்குது, மறைக்கறதுக்கு என்ன? ஆபீஸ்ல ஒரு தடவை கேட்டாங்க, மேல மாட்டிக்கிட்ட எஞ்சினைக் கழட்டி லாரியில ஏத்திக் கீழ கொண்டு வரலாமான்னு. கீழ்ப்பக்கம் இருந்து ‘கொண்டு வரலாம்’னு சொன்னது யாரு? என் மாப்ளை. ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா ஒண்ணோட சாமானை ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணாவது நல்லா ஓடும்னாராம். நல்ல யோசனையாவே இருக்கட்டும். என் எஞ்சின் தம்பி அது! அதை லாரியில கழட்டி ஏத்தறதா? கறிக்கடைக்கு ஆட்டை ஏத்தற மாதிரி? நான் குறுக்க நின்னேன். விட மாட்டேன்னேன். விட்டுட்டாங்க. அன்னையில இருந்து அந்த ஆளோட பேச்சு இல்ல. அவரு என்னோட பேசாம இல்ல, நான்தான் அவரோட பேசறதில்ல. போன் வந்தா எடுக்க மாட்டேன். மயிலாத்தா நம்பர்னாதான் எடுப்பேன்.

இருங்க, பிரேக் புடிக்கறான். ஒண்ணும் இல்ல, எருமை. விசில் அடிக்கறான் பாருங்க.

அப்பறம் ஒரு வழியா பாலம் கட்ட உத்தரவு வந்துச்சு. ரெண்டு துண்டையும் சேக்கணும். பிரிசில்லான்னு ஒரு இன்ஜினியரம்மா வந்தாங்க. சின்ன வயசு, ஆனா வெயில்ல நிக்கற அம்மா, குடை கிடை கிடையாது. கூட்டி வச்சுச் சொன்னாங்க, ‘மேல இருந்து நாச்சிமுத்தண்ணன் போட்டுக்கிட்டு வாங்க, கீழ இருந்து அங்கமுத்தண்ணன் போட்டுக்கிட்டு வாங்க, நரிப்பள்ளத்துல ரெண்டும் சேரட்டும்’னு. சாதாரண ரயிலா இருந்தா அது ஒரு வேலையே இல்ல. இது மலை ரயில். கீழ குனிஞ்சு பார்த்தீங்களா, ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு பல்லா ஒரு கம்பி போகுதா? பல்லுக்கம்பின்னு சொல்லுவோம். எஞ்சினுக்கு அடியில ஒரு பல்சக்கரம் இருக்குது. அது இந்தப் பல்லைக் கவ்விக் கவ்வித்தான் ஏறும், கவ்விக் கவ்வித்தான் எறங்கும். பல்லு தவறுச்சுன்னா நாம இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்.

அதனால ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவுல விடற இடைவெளி இருக்குது பாருங்க, அந்த ஜாயிண்ட், அதுல கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கணும். அதுக்கு ஒரு அளவுக்கட்டை உண்டு. இரும்புல ஒரு துண்டு, பல்லு வெட்டின துண்டு. அதை ஜாயிண்ட் மேல வச்சா ரெண்டு பக்கத்துப் பல்லுலயும் கச்சிதமா உக்காரணும். பிரிசில்லாம்மா புதுசா ரெண்டு அளவுக்கட்டை செஞ்சு கொண்டு வந்து, கீழ ஒண்ணு குடுத்துட்டு, மாப்ளை கையிலயே எனக்கு ஒண்ணு குடுத்து விட்டாங்க. அந்த ஆளு சாக்குல சுத்திப் பத்திரமாத்தான் அனுப்பினாரு. மேல அனுப்பினதோட விடாம, ‘மச்சானை இதையே வச்சுப் போடச் சொல்லுங்க, பழசு வேண்டாம்’னு ஆள்கிட்ட சொல்லி விட்டாரு தம்பி! எனக்கு! எனக்குக் கீழ நின்னு ஸ்பேனர் புடிச்ச ஆளு, எனக்குச் சொல்லி அனுப்பறாரு, எதை வச்சுப் போடணும்னு.

நான் அதைத் தொடவே இல்லையே. ஷெட்டுல ஆணியில மாட்டினேன். எனக்கு முன்னால இருந்த மேட் கந்தப்பன், அவரு குடுத்த அளவுக்கட்டை எங்கிட்ட இருக்குது. பழைய பல்லுக்கம்பியில இருந்து அறுத்து எடுத்தது. கையில புடிச்சுப் புடிச்சு வழவழன்னு கண்ணாடியாட்டம் இருக்கும். அதை வச்சுத்தான் மொத்தமும் போட்டேன். ஒரு ஜாயிண்ட் விடாம என் கையாலயே வச்சுப் பார்த்தேன். அத்தனையும் கச்சிதம்.

வாங்க வாங்க, எறங்குங்க. தண்ணி புடிக்கற எடம். எஞ்சின் தண்ணி குடிக்கற வரைக்கும் நிப்பான். டீ சாப்பிடலாம். ஏம்மா, ரெண்டு டீ. எனக்குச் சக்கரை கம்மியா. இல்ல, வேண்டாம், எனக்கு வேண்டாம், தம்பிக்கு மட்டும் குடு.

எங்க விட்டேன்? ஆங். ரெண்டு பக்கமும் போட்டுக்கிட்டு வந்து நரிப்பள்ளத்துல சேந்தோம். பாலத்துக்கு மேல் முனையில. கடைசியா ஒரு கம்பி வைக்கணும். அதை வச்சுட்டா முடிஞ்சுது. பூசைக்குத் தேங்கா, பழம், மாலை எல்லாம் வந்தாச்சு. கம்பியத் தூக்கி வைக்கறோம், எறங்க மாட்டேங்குது. திருப்பி வைக்கறோம், ம்ஹும். என் பக்கத்துப் பல்லுக்கும் அவரு பக்கத்துப் பல்லுக்கும் பாதிப் பல்லு வித்தியாசம். என் பக்கம் பல்லு இருக்கற எடத்துல அவரு பக்கம் பள்ளம். மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒண்ணுக்கொண்ணு சேராம நின்னா எப்படி, அப்படி நிக்குது.

தேங்காயைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறான் பூசாரி.

பிரிசில்லாம்மா ரெண்டு பேரையும் பார்த்து, ‘ரெண்டு பேரும் நான் குடுத்த அளவுக்கட்டையிலதானே போட்டீங்க?’ன்னாங்க. நான், ‘எங்க பக்கம் ஒரு ஜாயிண்ட் விடாம அளந்து போட்டதும்மா’ன்னேன். அளந்துதானே போட்டேன்? அளக்காமயா போட்டேன்? அந்த ஆளு என்னை ஒரு பார்வை பார்த்தாரு. வாயைத் தொறக்கல. வாயைத் தொறந்திருந்தா நானும் பேசியிருப்பேன், எதிர்பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். பேசற ஆளோட சண்டை போடலாம். இந்த மாதிரி ஆளோட என்ன பண்றது?

‘யாராவது ஒரு பக்கம் பிரிச்சுத்தான் ஆகணும். கொஞ்சம் கொஞ்சமா நகத்திப் பல்லைச் சேத்துடலாம். யாரு பிரிக்கறீங்க?’ன்னாங்க அந்தம்மா. நான் பிரிக்க மாட்டேன்னுட்டேன். ஏன் பிரிக்கணும்? சரியாப் போட்டவன் ஏன் பிரிக்கணும்? அந்தம்மாவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. மழைக்கு முன்னால லைன் சேரலேன்னா மேல் பகுதிய மூடிருவாங்கன்னு பெரிய ஆபீஸ்ல இருந்து உத்தரவாம். எஞ்சினைக் கொண்டு போயி ரோட்டோரம் கம்பி வேலி போட்டு, சுத்தி ரோசாச்செடி வச்சு, காட்சிக்கு நிறுத்திருவாங்களாம். புள்ளைங்க ஏறி விளையாடும். நான் அப்பவும் சொன்னேன், ‘தப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பிரிக்கட்டும்’னு.

வீட்டுக்குப் போற வழியில ஷெட்டுக்குப் போனேன். ஆணியில மாட்டின புதுக் கட்டைய எடுத்து என் கட்டையோட சேத்து வச்சுப் பார்த்தேன். சும்மாதான் பார்த்தேன். ஒரு முடி அளவு வித்தியாசம் இருந்துச்சு. ஒரே ஒரு முடி. நம்ம பழசு ஒரு முடி தேஞ்ச மாதிரியும் தெரியுது, புதுசு ஒரு முடி பெருத்த மாதிரியும் தெரியுது. இதுல எது சரின்னு யாரு சொல்றது? இப்ப வர்ற இரும்பெல்லாம் என்ன இரும்பு? லேத்துல வச்சு அவசர அவசரமா அடிச்சுத் தள்றான். புதுசுலதான் தப்பு இருக்கும்னு எனக்குப் பட்டுச்சு. மறுபடி சாக்குல சுத்தி மாட்டிட்டேன்.

என்ன தம்பி அப்படிப் பார்க்கறீங்க? ஆமா, நெறைய ஜாயிண்ட் சேந்தா ஒரு முடி ஒரு முடியாப் பெருகத்தான் செய்யும். அது எனக்குத் தெரியாதா? கீழ்ப்பக்கமும் பெருகியிருக்கலாம்ல?

ஏறுங்க, விசில் அடிச்சுட்டான். கையைக் குடுங்க. இல்ல, நீங்க உக்காருங்க, நான் இந்தக் கதவோரம் நிக்கறேன்.

அடுத்த நாள் அந்த ஆளு மேல வந்தாரு. ஏதோ பேசத்தான் வர்றாருன்னு நான் ஷெட்டுல போயி உக்காந்துக்கிட்டேன். பார்த்தா, ஷெட்டுக்கு வரல. தனியா, என் லைன்ல மேல இருந்து கீழ வரைக்கும் நடக்கறாரு. ஒவ்வொரு ஜாயிண்ட்டா குனியறாரு, விரலை வச்சுத் தடவறாரு, எந்திரிக்கறாரு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? வீட்டுக்குள்ள வந்து அடுப்படியில பானையத் தொறந்து பார்க்கற மாதிரி. என் ஆளுங்க எல்லாம் வேலையை விட்டுட்டு என் முகத்தையே பார்க்கறானுங்க. ஏதாவது சொல்லட்டும், உண்டு இல்லேன்னு பண்ணிடலாம்னு இருந்தேன். கடைசியில நேரா எங்கிட்ட வந்தாரு. ‘மச்சான், மயிலா உங்களைக் கேட்டா’ன்னாரு. நான் தலையாட்டினேன். போயிட்டாரு. அவ்வளவுதான் பேச்சு.

அன்னிக்கு மத்தியானமே மழை புடிச்சுக்கிச்சு. தூத்தல்தான். ஆனா மலையில தூத்தல்னா எப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தா, சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு அந்த ஆளும் கேங்கும் எறங்கிட்டாங்க. அவங்க பக்கத்தைப் பிரிக்கறாங்க! கம்பிகளைச் சேத்து முடுக்கற பிஷ்பிளேட்டைக் கழட்டி, ஒவ்வொரு ஜாயிண்ட்டா நெம்பி, ஒரு முடி ஒரு முடியா நகத்தறாங்க. பிரிசில்லாம்மா ஓடி வந்து, ‘உங்க பக்கம்தான் தப்பாண்ணா?’ன்னு கேட்டாங்களாம். ‘பார்த்துட்டேன்மா, சரி பண்ணிடறேன்’னாராம். கேட்டீங்களா? பார்த்துட்டேன்மா! அப்ப தப்பு எங்க இருந்துச்சு? தப்பு இல்லாதவன் பிரிப்பானா? நான் பிரிச்சேனா? என் கேங்ல எல்லாருகிட்டயும் அதைத்தான் சொன்னேன். பாருங்கடா, பார்த்துக்குங்கடான்னு. பொம்மன்னு ஒருத்தன் மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ‘ஆமாங்க மேட்’னான். அவன் சொன்ன விதமே எனக்குப் புடிக்கல.

நான் பாலத்துக்கு இந்த முனையில குடையப் புடிச்சுக்கிட்டு உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். மழை நிக்கல, அவங்களும் நிக்கல. போயி ஒரு கை குடுத்திருக்கலாம்தான். கூப்பிடலையே. ஒரு தடவை ஆள் அனுப்பினாரு, பெரிய ஸ்பேனர் ரெண்டு குடுங்கன்னு. ஒண்ணு குடுத்தேன். எங்களுக்கும் வேணும்ல?

அப்படியே பிரிச்சு நகத்தி நகத்தி, என் பல்லுக்கு நேரா அவங்க பல்லைக் கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. அந்தக் கடைசிக் கம்பி தூக்கி வச்ச உடனே எறங்குச்சு பாருங்க, ‘டக்’குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு. பொய் சொல்லல. மேல் எஞ்சினும் கீழ் எஞ்சினும் மூக்கோட மூக்கு வந்து நிக்குது. எல்லாரும் கத்தறாங்க. தேங்கா என் கையாலதான் ஒடைச்சேன். அந்த ஆளு பின்னால எங்கயோ நின்னு கையைக் கழுவிக்கிட்டு இருந்தாரு.

இந்தா, வந்துருச்சு. புடிங்க, புடிங்க! பாலத்தை இல்ல, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்! கேமராவை எறக்குங்க இன்னும். பார்த்தீங்களா, எப்படி நேராப் போகுது? இப்ப ஜாயிண்ட். இப்ப. தாண்டிட்டோம். ஒண்ணும் தெரியலல்ல? ஒரு குலுக்கல் இல்ல. அப்படித்தான் இருக்கணும். ஏன் மெதுவாப் போறான்னு கேக்கறீங்களா? இனிமே புளியந்துறை வரைக்கும் மெதுவாத்தான் போவான். கீழ்ப்பக்கம் வேகக் கட்டுப்பாடு. அதுக்குத்தானே இந்த விசாரணை.

சோதனை ஓட்டம் விட்டப்ப என்ன ஆச்சுன்னா, மேல் எஞ்சின் இந்தப் பக்கம் வந்து எறங்கறப்ப ஒரு ஜாயிண்ட்டுல பல்சக்கரம் ஏறி உதறிடுச்சு. மழையில நெம்பினது, ஒண்ணு கொஞ்சம் கூடுதலா அகண்டு போச்சு போல. பிரேக்ஸ்மேன் ஒருத்தன் கீழ விழுந்து தோள்பட்டை எறங்கிருச்சு, நல்ல வேளை உசுருக்கு ஒண்ணும் இல்ல. சக்கரத்துல ஒரு பல்லு மூளியாயிருச்சு. விடுவாங்களா? அளக்க ஆள் வந்தாங்க. உதறினது கீழ்ப்பக்கம்னு அதை மட்டும் அளந்தாங்க, ஒரு ஜாயிண்ட்டும் அளவுல இல்ல. ஏன் இல்ல? எதை அளந்து பிரிச்சே?ன்னு கேட்டாங்க. அந்த ஆளை வேலையில இருந்து நிறுத்தி வச்சுட்டாங்க. இன்னிக்கு விசாரணை. நெனைச்சா நீக்கிடலாமாம். இன்னும் பல வருசம் சர்வீஸ் இருக்கற ஆளு.

எனக்கு வருத்தமா இருக்காதா தம்பி? தங்கச்சி புருசன். ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குதுல்ல?

நேத்து மயிலாத்தா போன் பண்ணினா. ‘அண்ணா, நாளைக்கு உன்னை ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. குடுத்து விட்ட அளவுக்கட்டைய வச்சுத்தான் போட்டியான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிடு’ன்னா. எனக்குப் புரியல. ஏன்னேன். ‘அவரு அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காரு. மேல் பக்கம் அதே அளவுக்கட்டைதான், நான்தான் என் பக்கம் கவனக்குறைவாப் போட்டுட்டேன், அப்பறம் அவசரத்துல பிரிச்சதுலயும் தப்பாயிருச்சுன்னு எழுதிட்டாரு. நீ மாத்திச் சொல்லிடாதே’ன்னா.

நல்ல விசயம்தானே? அவரே ஒத்துக்கிட்டாரு. நான் ஜெயிச்ச மாதிரிதானே? அதைத்தான் கேக்கறேன். சந்தோசமாத் தூங்கியிருக்கணும்ல நான்? படுத்தா முதுகு பாயில நிக்கல. எந்திரிச்சு நடந்தேன், உக்காந்தேன், நடந்தேன். தலகாணி சரியில்ல.

ஆமான்னு சொல்றதுல பொய் ஒண்ணும் இல்ல, யோசிச்சுப் பார்த்துட்டேன். அளவுக்கட்டை எங்கிட்டதானே இருந்துச்சு? நான் வேலை செஞ்ச அத்தனை நாளும் அது ஷெட்டுல இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டுத்தானே போட்டேன்? ஆணியில வச்சிருந்தாலும் வச்சிருந்ததுதானே?

சிரிக்காதீங்க தம்பி. நான் சிரிப்புக்குச் சொல்லல.

மயிலாகிட்டக் கேட்டேன், ‘அவரு ஏண்டி இப்படி எழுதினாரு? நான் கேட்டேனா?’ன்னு. அவ சொல்றா, ‘அண்ணி போயாச்சு. புள்ளை குட்டி இல்ல. உனக்கு அது ஒண்ணுதானேண்ணா இருக்குது. அதையும் எடுக்கறதுக்கு அவருக்கு மனசு வரல’ன்னா. எது ஒண்ணுன்னு கேட்டேன். எதுடி ஒண்ணு? வச்சுட்டா. திருப்பிக் கூப்பிட்டா எடுக்கல. எது ஒண்ணு? வீடு இருக்குது எனக்கு. பென்சன் வரப் போகுது. வெள்ளிக்கொம்புல தெருவுல நடந்தா எழுந்து நின்னு கும்பிடறானுங்க. ஒண்ணுதான் இருக்குதாம்! நீங்க படிச்சவரு, உங்களுக்காவது புரியுதா?

விடுங்க. சொல்ல வேண்டாம். நான் உங்ககிட்டக் கேக்கல.

பாருங்க, ஊர் வந்துருச்சு. அந்த வேப்பமரம் இப்ப எவ்வளவு பெருசாயிருக்குது. நான் இங்க எறங்கி எத்தனையோ வருசம் ஆச்சு. அதோ, அந்தத் தூணுகிட்ட, பச்சைச் சேலை, அவதான். என் தங்கச்சி. எளைச்சுட்டா. சேலையக் கொடியில போட்ட மாதிரி இருக்குது. பக்கத்துல அந்த ஆளு. சட்டைய இஸ்திரி போட்டிருக்காரு பாருங்க, எனக்குத் தெரிஞ்சு அந்த ஆளு கலியாணத்துக்குக்கூட இஸ்திரி போட்டதில்ல. தப்புப் பண்ணினேன்னு சொல்லப் போறதுக்கு இஸ்திரிச் சட்டை.

ஒவ்வொரு பெட்டியா எட்டிப் பார்க்கறாரு. என்னைத்தான் தேடறாரு. பார்த்துட்டாரு. கையைக் காட்டறாரு. தம்பி, சிரிக்கறாரு. என்னைப் பார்த்துச் சிரிக்கறாரு. மொறைச்சா எனக்கும் தெம்பா இருக்குமே, நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருவேனே. இந்த ஆளு ஏன் தம்பி சிரிக்கறாரு?

‘பார்த்து எறங்குங்க மச்சான், படி ஒசரம்’கறாரு. உங்களுக்குக் கேட்டுச்சா? படி ஒசரமாம்.

நீங்க எறங்குங்க, உங்க பை இந்தா. கூட்டம் எறங்கட்டும். மேல இருந்து இங்க வர்ற வரைக்கும் இந்தப் பலகையில என்னால உக்கார முடியல, இப்ப உக்காந்தேன், எந்திரிக்க முடியல. ஒரே வார்த்தைதான். ஆமா. அவ்வளவுதான் சொல்லணும். இத்தனை நேரம் உங்ககிட்ட எத்தனை ஆமா சொல்லியிருப்பேன்?

தம்பி, ஒரு உபகாரம். அவருகிட்டப் போயி, இந்தா வர்றேன்னு சொன்னாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. வேற ஒண்ணும் சொல்லிடாதீங்க.